எலிசபெத் ஃப்ரீமனின் பொன்மணி மாலையும் நம் தோள்சீலைப் படங்களும்

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் ஓவியம் அது. உயரம் ஏறத்தாழ 7.5 செ.மீ., அகலம் 5.5 செ.மீ. மெல்லிய தந்தத் தகட்டின்மீது நீர்வண்ணத்தால் தீட்டப்பட்டது. அதில் முதிய கறுப்பினப் பெண் ஒருவர் இருக்கிறார். நீல நிற உடை, தலையில் வெள்ளைத் தொப்பி, கழுத்தருகே வெள்ளைத் துணி, அதன்மேல் பொன்மணி மாலை. பார்ப்பவரை நேராகப் பார்க்கிறார். வரையப்பட்ட ஆண்டு 1811. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 67. அடிமையாகப் பிறந்து, பாதி வாழ்நாளைக் கூலியின்றிப் பிறர் அடுப்படியில் கழித்து, பின்னர் கூலி பெறும் வீட்டுப் பணியாளராகவும் மருத்துவச்சியாகவும் உழைத்தவர். பெயர் எலிசபெத் ஃப்ரீமன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் இந்த ஓவியத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தச் சிறு ஓவியத்தைப் பற்றி நாம் எழுத ஒரு காரணம் உண்டு. தோள்சீலைப் போராட்டம் குறித்துச் சமூக ஊடகங்களில் எழுதப்படும் பதிவுகளோடு, துண்டறிக்கைகளோடு, சில வேளைகளில் கருத்தரங்க அழைப்பிதழ்களோடும்கூட, மேலாடையற்ற பெண்களின் பழைய ஒளிப்படங்கள் வைக்கப்படுகின்றன. அந்தப் பெண்கள் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பது பெரும்பாலும் குறிப்பிடப்படுவதில்லை. தோளை மூடும் உரிமைக்காக அடிபட்டவர்களை நாம் தோள் திறந்த நிலையில் நினைவுகூர்கிறோம். இந்த முரண் நம்மை உறுத்த வேண்டும். உறுத்தினால், உழைக்கும் பெண்ணின் உருவப்படம் என்றால் என்ன, அதை எப்படிப் படிப்பது என்ற கேள்வி எழும். அதற்கு எலிசபெத் ஃப்ரீமனின் முகம் நல்ல தொடக்கம்.

அவர் 1744ஆம் ஆண்டளவில் நியூயார்க் பகுதியில் பிறந்தவர். பெட் என்ற பெயர் மட்டுமே அவருக்கு இருந்தது. அடிமைக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மாசசூசெட்ஸின் ஷெஃபீல்டு ஊரில் ஜான் ஆஷ்லி என்ற செல்வந்தரின் வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தார். 1773இல், மனிதர் அனைவரும் சமமானவர், சுதந்திரமானவர் என்று கூறும் ஷெஃபீல்டு தீர்மானங்கள் எழுதப்பட்டது அதே வீட்டில்தான். மாடியில் ஆண்கள் ஆங்கிலேய அரசுக்கு எதிராகச் சுதந்திரம் பேசினார்கள். அடுப்படியில் அவர்களுக்கு உணவு சமைத்தவர்களோ அடிமைகள். பெட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காது இருந்தது.

ஒருநாள் வீட்டு எஜமானி, காய்ந்த அடுப்புக் கரண்டியால் இன்னொரு அடிமைச் சிறுமியை அடிக்க ஓங்கினார். பெட் குறுக்கே கையை நீட்டினார். சூட்டுக் காயம் அவருடைய கையில் விழுந்தது. புண் ஆறும்வரை அந்தக் கையை அவர் மூடவில்லை. யாரேனும் கேட்டால், எஜமானியிடமே கேளுங்கள் என்று சொல்வாராம். இந்தச் செய்தியைப் பதிவு செய்தவர்கள் அவர் பின்னாளில் வேலை செய்த செஜ்விக் குடும்பத்தார். கையை மூட மறுத்தது அவருடைய சொந்த முடிவு என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உடலைத் திறந்து வைப்பதும் மூடி வைப்பதும் யாருடைய முடிவு என்பதில்தான் இந்தக் கட்டுரையின் பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது.

1780இல் மாசசூசெட்ஸ் தனக்கென ஓர் அரசமைப்பை இயற்றிக்கொண்டது. எல்லா மனிதரும் பிறப்பால் சுதந்திரமும் சமத்துவமும் உடையவர் என்று அதன் முதற்பகுதி அறிவித்தது. பெட், தியடோர் செஜ்விக் என்ற வழக்கறிஞரிடம் சென்று, அந்தச் சட்டம் தனக்கும் பொருந்துமா என்று கேட்டார். 1781 ஆகஸ்டில் கிரேட் பேரிங்டன் ஊர் நீதிமன்றத்தில் வழக்கு விசாரிக்கப்பட்டது. அதே வீட்டில் அடிமையாக இருந்த ப்ரோம் என்பவரும் உடன் வழக்காடினார். இருவரும் ஆஷ்லியின் அடிமைகள் அல்லர் என்று நடுவர்குழு தீர்ப்பளித்தது. 30 ஷில்லிங் இழப்பீடும் வழங்கியது. தீர்ப்புக்குப் பிறகு பெட் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர்தான் எலிசபெத் ஃப்ரீமன். ஃப்ரீமன் என்றால் சுதந்திரர். சம்பளம் தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி அழைத்தும் அவர் போகவில்லை. செஜ்விக் வீட்டில் கூலிக்கு வேலை செய்தார். சேமித்துத் தமக்கென ஒரு வீடு வாங்கினார். 1829 டிசம்பரில் இறந்தார்.

(இங்கே ஓர் இடைக்குறிப்பு. வழக்கு நடந்த அதே கிரேட் பேரிங்டனில் 1868இல் பிறந்தவர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ். 1946இல் அண்ணல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்திருந்த மனுவின் படியைக் கேட்டார். டு போய்ஸ் மறுமொழியும் அனுப்பினார். அந்தச் சிற்றூரும் நம் வரலாறும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல.)

இனி ஓவியத்துக்குத் திரும்புவோம். வரைந்தவர் சுசன் ரிட்லி செஜ்விக், வழக்கறிஞரின் மருமகள். ஓவியர் என்று பெயர் பெற்றவர் அல்லர். ஆனால் அவர் ஒரு முக்கியமான செயலைச் செய்திருக்கிறார். அடுப்படி, துடைப்பம், குழந்தை, தட்டு என எதையும் படத்தில் வைக்கவில்லை. உழைப்பாளியை அவருடைய கருவியால் அடையாளப்படுத்தும் வழக்கமான உத்தி இதில் இல்லை. சூடுபட்ட கையையும் ஓவியம் காட்ட முற்படவில்லை. துன்பத்தின் தழும்பைக் காட்டிப் பார்ப்பவரிடம் இரக்கம் பெறுவது எளிது. இங்கே இருப்பவர் உடுத்தி, அணிந்து, உட்கார்ந்து, பார்ப்பவரைப் பார்க்கும் ஒரு மனிதர். அக்காலத்து மதிப்புக்குரிய முதிய பெண்கள் எப்படி வரையப்பட்டார்களோ அப்படியே அவரும் வரையப்பட்டிருக்கிறார்.

பொன்மணிகளைச் சாதாரணமாகக் கடந்து போகக் கூடாது. அவை அவருடைய சொந்த உடைமை. கூலி பெறாத ஒருவரால் வாங்க முடியாத பொருள். அவர் இறந்த பின் அந்த மணிகள் கைவளையாகக் கோக்கப்பட்டன. அந்த வளையும் இன்று அதே வரலாற்றுக் கழகத்தில்தான் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டு வாசகருக்கு, தொப்பியும் தோளை மூடிய துணியும் பொன்மணியும் வெறும் அலங்காரமாகத் தெரியாது. இவை ஒவ்வொன்றும் திருவிதாங்கூரில் சட்டமாகவும் வழக்கமாகவும் மறுக்கப்பட்டவை.

யார் எதை உடுத்தலாம்

அந்த ஓவியம் தீட்டப்பட்ட அதே 1811இல், இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியாக இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களின் நெல்வயல்கள் சமஸ்தானத்தின் களஞ்சியம் எனப் புகழப்பட்டன. அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவர்களில் பெரும்பகுதியினர் விற்கவும் அடகு வைக்கவும் தக்க அடிமைகளாக இருந்த சாம்பவர், புலையர் உள்ளிட்ட மக்கள். எலிசபெத் ஃப்ரீமன் நீதிமன்றத்தில் வென்று 74 ஆண்டுகள் கழிந்த பிறகே, 1855இல், திருவிதாங்கூரில் அடிமைமுறை முற்றிலுமாக ஒழிக்கப்படுவதாக அரச அறிக்கை வெளிவந்தது.

உடை என்பது இங்கே ஒரு மொழியாக இருந்தது. தன்னைவிட உயர்ந்த சாதியாரின் முன் மேலுடலைத் திறந்து வைப்பது மரியாதை எனப்பட்டது. நாயர் பெண்களும் நம்பூதிரிகளுக்கும் அரசருக்கும் முன்னால் மேலாடையை விலக்க வேண்டியிருந்தது. ஆனால் படியில் இறங்க இறங்க, எதிரே நிற்கும் மேலோரின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். கடைசிப் படியில் நிற்பவளுக்கு எல்லாருமே மேலோர். ஆகவே அவள் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். துணியோடு இது நிற்கவில்லை. பொன்னகை அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக் கூடாது என்றெல்லாம் தடைகள் இருந்ததை லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் தம் நூல்களில் பதிவு செய்திருக்கிறார். குடத்தை இடுப்பில் வைப்பதில் என்ன அரச துரோகம் இருக்க முடியும் என்று இன்று சிரிக்கத் தோன்றும். உடலின் ஒவ்வோர் அசைவும் சாதியைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் தருக்கம்.

தோள்சீலைப் போராட்டத்தின் கதை வாசகர்கள் பலரும் அறிந்ததே என்பதால் விரைந்து செல்கிறோம். கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டையை அணிய அனுமதி கிடைத்தது. அவர்கள் குப்பாயத்தோடு நிற்காமல் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலையும் அணிந்தபோது 1822இல் கல்குளம் பகுதியில் தாக்குதல்கள் தொடங்கின. 1829இல் அரச அறிக்கை தோள்சீலையைத் தடை செய்தது. 1858-59இல் மீண்டும் கலவரம் வெடித்தது. சந்தைகளில் பெண்களின் துணிகள் கிழிக்கப்பட்டன, வீடுகளும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவலியனின் அழுத்தத்துக்குப் பின், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மன்னர் ஓர் அறிக்கை வெளியிட்டார்.

அந்த அறிக்கையை நம்மில் பலர் முழு வெற்றியாகக் கொண்டாடுகிறோம். அதன் வாசகத்தைக் கூர்ந்து பார்த்தால் வேறு ஒன்று தெரியும். சாணார் என்று அன்று பதிவாகியிருந்த நாடார் பெண்கள் சட்டை அணியலாம், முரட்டுத் துணியை முக்குவப் பெண்களைப் போலச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எவ்விதத்திலும் மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. மூடிக்கொள்ளும் அனுமதிக்குள்ளேயே வேறுபாட்டைக் காக்கும் விலக்கும் தைக்கப்பட்டிருந்தது. அறிக்கை பெயர் சொல்லிப் பேசியது ஒரு சமூகத்துப் பெண்களைப் பற்றி மட்டுமே. சாம்பவர், புலையர் பெண்களுக்கு அதன் சொற்களில் இடம் இல்லை. போராடியவர்களின் தியாகத்தை இது சிறிதும் குறைக்காது. ஆனால் விடுபட்டவர்களின் கதையைத் தனியே கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கதையில் மணிமாலைகள் வருகின்றன. திருவிதாங்கூரின் நடுப்பகுதியில் புலையர் பெண்கள் கழுத்தில் கல்லும் கண்ணாடியுமான மாலைகளைச் சுமக்க வேண்டும் என்பது சாதி விதித்த அடையாளம். பொன்னும் வெள்ளியும் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. அய்யன்காளி 1907இல் தொடங்கிய சாதுஜன பரிபாலன சங்கத்தின் அழைப்பை ஏற்று, 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில் பெண்கள் அந்த மாலைகளைக் கழற்ற முற்பட்டபோது மோதல் வெடித்தது. பின்னர் கொல்லத்தில் கூடிய பெருங்கூட்டத்தில், மேடைக்கு முன் பெண்கள் தங்கள் கழுத்து மாலைகளை அறுத்து எறிந்தார்கள். கல்லுமாலைப் போராட்டம் என அது நினைவுகூரப்படுகிறது.

1811இல் ஒரு முன்னாள் அடிமை தம் கூலியில் வாங்கிய பொன்மணிகளை அணிந்து ஓவியத்துக்கு அமர்கிறார். அதற்கு நூறாண்டுக்கும் மேல் கழிந்து, அடிமைகளின் பேத்திகள் தங்கள்மேல் சுமத்தப்பட்ட கல்மணிகளை அறுத்தெறிகிறார்கள். இரண்டு செயல்களும் கழுத்தில் என்ன கிடக்க வேண்டும் என்பதைக் கழுத்துக்கு உரியவரே முடிவு செய்த செயல்கள்.

இன்னொரு துணியையும் இங்கே குறிப்பிட வேண்டும். நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் ஐரோப்பியப் பெண்களின் கழுத்துப் பட்டைகளையும் கைவிளிம்புகளையும் அழகு செய்தது. அதில் கிடைத்த கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கியதாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. பிறர் தோளை மூடும் மென்துணியைப் பின்னி, தன் தோளைத் தனக்கே வாங்கிக்கொண்ட பெண்கள் அவர்கள். குமரி மாவட்டத்தில் எழுத்தில் வந்துவிட்ட அரசர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பெயரோடு எழுத்தில் வந்த லேஸ்காரிகள் மிகச் சிலரே.

எண்ணெய் வண்ணம் யாருக்கு

திருவிதாங்கூருக்கு எண்ணெய் வண்ண ஓவியம் வந்த விதமும் நமக்குச் செய்தி சொல்கிறது. கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, 14 வயதில், 1862இல், திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். தோள்சீலை அறிக்கை வெளியாகி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு எண்ணெய் வண்ண நுட்பத்தை அவருக்குக் கற்றுத்தர மறுத்தார். 1868இல் மன்னரை வரைய வந்த தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். அரச மரபோடு தொடர்புடைய ஒருவருக்கே இந்த நிலை என்றால், அந்தத் தூரிகைக்கும் வயல் வேலைக்காரிக்கும் இடையே இருந்த தொலைவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

1873இல் ரவிவர்மாவுக்குச் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் பொற்பதக்கம் வாங்கித் தந்தது, கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் ஓவியம். அவருடைய பெண்களின் தோள்களில் விழும் புடவை மடிப்புகளை நாடே வியந்தது, இன்றும் வியக்கிறது. வியப்பதில் நமக்கு மறுப்பு இல்லை. அவருடைய கை தேர்ந்த கை. ஆனால் அந்த மடிப்பு, அதைத் தோளில் இட்டதற்காகச் சந்தையில் பெண்கள் அடிபட்ட மண்ணில் தீட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏழைகளை அவர் வரையாமல் இல்லை. 1893இல் சிகாகோ கண்காட்சிக்கு அனுப்பிய பத்து ஓவியங்களில் ஒன்று, தெருவில் அமர்ந்திருக்கும் நாடோடிக் குடும்பத்தைக் காட்டுகிறது. அரசியும் திவானும் பெயரோடு வரையப்பட்டார்கள். இந்தக் குடும்பத்துக்குப் பெயர் இல்லை. அவர்கள் ஒரு வகைக்கு எடுத்துக்காட்டாக அமர்த்தப்பட்டிருக்கிறார்கள்.

வகையாக வரைவது அக்கால வழக்கம்தான். மதுரையில் 1837இல் உருவான ஓர் ஓவியத் தொகுப்பில் 72 சாதியினரின் மாதிரிகள் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டேனியல் பூர் அதை ஒருவருக்குப் பரிசாக அளித்தார். இன்று அது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு சாதிக்கும் உடையும் அணியும் கருவியும் உண்டு. அங்கே உழைக்கும் பெண்ணைத் தேடினால் கிடைப்பாள். ஆனால் அவளுக்கு முதுமை அரிது, நோய் கிடையாது, மனநிலை கிடையாது. பின்னர் ஒளிப்படக் கருவி வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் மண்டையையும் அளவுகோலால் அளந்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை ரங்காச்சாரியின் துணையோடு வெளியிட்டார். அரிய தகவல்கள் கொண்ட நூல்தான், நாமும் பயன்படுத்துகிறோம். ஆனால் அளக்கப்படுபவர் அதில் ஒரு மாதிரிப் பொருள்.

நாம் பதிவுகளில் ஒட்டும் படங்கள் பெரும்பாலும் இந்த மரபிலிருந்து வந்தவை. அயலார் வாங்கிச் செல்ல அச்சான அஞ்சலட்டைகளும் அதில் அடக்கம். இன்னொரு தவறும் நடக்கிறது. மேலாடை அணியாமை எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் இழிவின் அடையாளம் அல்ல. ரவிக்கை இல்லாமல் சேலை முந்தானையைச் சுற்றிக்கொண்டு கம்பீரமாக நடந்த பாட்டிகளை நாம் கண்டிருக்கிறோம். தைத்த சட்டை அவர்களுக்குப் பழக்கமில்லை, அவ்வளவே. இழிவு உடம்பில் இல்லை, ஆணையில் இருந்தது. ஒளிப்படம் உடம்பைக் காட்டும், ஆணையைக் காட்டாது. ஆணையைக் காட்ட வேண்டுமானால் 1829 அறிக்கையின் படியையும் 1859 அறிக்கையின் வாசகத்தையும் அச்சிட வேண்டும்.

இதற்கும் நடுவே ஒரு மாற்று முயற்சி நம் கடற்கரைவரை வந்து போயிருக்கிறது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் ஆலய நுழைவு அறிக்கை வெளியானது. அடுத்த சில வாரங்களில், அந்த ஆண்டு முடிந்து 1937 தொடங்கும் வேளையில், ஓவியர் அம்ரிதா ஷெர்கில் தென்னாட்டுப் பயணத்தில் குமரிமுனைக்கும் வந்தார். அந்த ஆண்டில் அவர் தீட்டிய பழ விற்பனையாளர்கள் என்ற எண்ணெய் ஓவியத்தில் கறுத்த மேனியும் வெண்துணியுமாகப் பெண்கள் இருக்கிறார்கள். கேலியும் கொஞ்சலும் இல்லாத பார்வை அது. அதற்கு ஈராண்டு முன்பு, 1935இல், அவர் வரைந்த இந்தியத் தாய் என்ற ஓவியத்தில் நாட்டின் பெயரைச் சுமப்பவள் கிரீடம் அணிந்த தேவி அல்ல, சோர்ந்த முகம் கொண்ட ஓர் ஏழைப் பெண். ஷெர்கிலின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் அவருடைய பழக்காரிகளுக்கும் பெயர் இல்லை. ஓவியம் விற்கப்பட்டால் ஓவியருக்குப் பணம், பாராட்டப்பட்டால் ஓவியருக்குப் புகழ். பழம் விற்றவளுக்குப் பழம் விற்ற காசு.

எலிசபெத்தின் படத்திலும் மறைந்திருப்பவை

இந்த இடத்தில் நாம் எலிசபெத் ஃப்ரீமனின் ஓவியத்தையும் சந்தேகிக்க வேண்டும். அதை வரைந்தது அவர் வேலை செய்த வீடு. அவருடைய கதையை எழுதியதும் அந்த வீடுதான். வழக்கறிஞரின் மகள் கேத்தரின் செஜ்விக் புகழ்பெற்ற எழுத்தாளர். அவர் தம்மை வளர்த்த மம்பெட்டைப் பற்றி அன்போடு எழுதினார். மம்பெட் என்பது அந்தக் குழந்தைகள் இட்ட செல்லப் பெயர். பிற்கால நூல்கள் பலவற்றில் அவர் அந்தச் செல்லப் பெயராலேயே அழைக்கப்படுகிறார். தாமே தேர்ந்து சூட்டிக்கொண்ட பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஸ்டாக்பிரிட்ஜ் ஊரில், செஜ்விக் குடும்பக் கல்லறை வட்டத்துக்குள்ளேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். குடும்பத்துக்கு வெளியே இருந்து அங்கே இடம் பெற்றவர் என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

எங்க வீட்டு ஆள் மாதிரி என்ற சொல்லை வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அனைவரும் கேட்டிருப்பார்கள். அந்த 'மாதிரி' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். சோறு உண்டு, தனித்தட்டும் உண்டு. எலிசபெத்துக்கு ஒரு மகள் இருந்தார், பேரக்குழந்தைகள் இருந்தார்கள், உயில் இருந்தது. அந்தக் குடும்பத்தின் கையில் அவருடைய படம் இருந்ததா என்ற கேள்வியை எழுப்பாமல், செஜ்விக் வீட்டாரின் பரிவை மட்டும் பேசிச் செல்வது நியாயமாகாது. சுசன் நல்ல படம் வரைந்தார். அந்தப் படத்தின் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பது வேறு கணக்கு.

அப்படியிருந்தும் அந்தச் சிறு ஓவியம் ஒன்றைச் சாதித்திருக்கிறது. 1781இல் பெயரில்லாத ஒரு பெட்டுக்கு நீதிமன்றம் உரிமை தந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அந்த உரிமை ஒரு முகத்தில் எப்படி அமர்ந்திருந்தது என்பதைத் தீர்ப்புத் தாள் சொல்லாது, ஓவியம் சொல்கிறது. 2022இல் ஷெஃபீல்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அடிமையாக இருந்த ஒருவருக்குச் சிலை எழுப்பும்போது முகத்தைக் கற்பனை செய்யத் தேவையில்லாத வாய்ப்பு எத்தனை ஊர்களுக்குக் கிடைத்திருக்கிறது?

நமக்கு அந்த வாய்ப்பு எளிதில் இல்லை. இருப்பதையும் அழிக்கும் முயற்சி நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் உடையும் சாதியும் குறித்து இருந்த பகுதியிலிருந்து 2017 தேர்வில் கேள்வி கேட்கப்படாது என்று 2016 இறுதியில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அறிவித்தது. 2019இல் அந்த இயலே பாடநூலிலிருந்து நீக்கப்பட்டது. தோள்சீலைப் போராட்டத்தைப் பள்ளியில் படிக்காமலே கல்லூரிக்கு வரும் குமரி மாணவி, அதை முதன்முதலில் அறிவது கைப்பேசியில் வரும் ஒரு படத்தின் வழியாக. அந்தப் படம் மேலாடையற்ற, பெயரற்ற ஒரு பெண்ணின் படம் என்றால், தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றி அவள் முதலில் அறிந்துகொள்வது என்ன? அவமானத்தையா, அதை அறுத்தெறிந்த கையையா?

ஆகவே நமக்குள் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஜூலை 26 சுவரொட்டியில் யாரென்று தெரியாத பெண்ணின் திறந்த உடம்பை இனி வைக்காதிருப்போம். ஆய்வுக்குத் தேவையெனில், எடுத்தவர், ஆண்டு, இடம், யாருக்காக எடுக்கப்பட்டது என்ற விவரங்களோடு நூலுக்குள் வைக்கலாம். சுவரொட்டிக்கு வேறு முகங்கள் இருக்கின்றன. அவை தேட வேண்டிய இடத்தில் இருக்கின்றன.

குமரி மாவட்டத்துச் சேரிகளிலும் குடியிருப்புகளிலும் முதிய பெண்ணின் படம் எது என்று கேட்டால், பெரும்பாலும் ஓர் அட்டையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, நூறு நாள் வேலை அட்டை. நாற்று நட்டவர், ஓலை முடைந்தவர், கயிறு திரித்தவர், நம் ஊரில் அண்டி ஆபீஸ் என்று சொல்லப்படும் முந்திரி ஆலையில் பால் பட்டுக் கறுத்த விரல்களோடு ஆண்டுக்கணக்காகத் தோல் உடைத்தவர் என எல்லாருக்கும் வாழ்வில் ஒரே உருவப்படம் அதுவே. எலிசபெத்தின் ஓவியத்தைவிடச் சிறிய படம். அதிலும் நேராகத்தான் பார்க்கச் சொல்வார்கள். ஆனால் பார்க்கச் சொல்வது அரசு. தலையைத் தூக்குங்க, கண்ணைத் திறங்க என்று வரிசையில் நிற்கவைத்து எடுத்த படம். தர்ஸ்டனின் அளவுகோல் அங்கே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அட்டையில் ஒன்று இருக்கிறது. படத்துக்குப் பக்கத்தில் அவருடைய பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது.

பாட்டி இறந்ததும் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு பேரன் ஸ்டுடியோவுக்குப் போகிறான். மாலை போட்டு நடுவீட்டில் வைக்கப் படம் வேண்டும். கணினியில் முகத்தைப் பெரிதாக்குகிறார்கள். பின்னால் இருக்கும் வெளிறிய சுவரை நீக்கி நீல நிறம் வைக்கிறார்கள். பிறகு ஸ்டுடியோக்காரர் கேட்பார், பட்டுச் சேலை போட்டுரவா, ரவிக்கைக்கு என்ன கலர் வேணும், செயின் வைக்கணுமா என்று. பேரன் அம்மாவுக்குப் போன் செய்கிறான். அம்மா சற்று யோசித்துவிட்டு, செயின் வேண்டாம், அவங்க அடகு வெச்ச அந்தப் பொன்மணி மாதிரி ஒண்ணு இருக்கான்னு கேளு என்கிறாள்.